எண்ணெயும் நீரும் இணங்கும் இடம்



புதுச்சேரியிலிருந்து வடக்கு நோக்கிக் கடற்கரைச் சாலையிற் சென்றால், காலாப்பட்டைக் கடந்ததும் கனகசெட்டிக்குளம் என்னும் எங்கள் ஊர் வரும். ஊருக்கு ஒரு பக்கம் கடல். மறுபக்கம் சிறிது தொலைவு சென்றால் தமிழ்நாட்டு எல்லை. 2002ஆம் ஆண்டில் புதுச்சேரி அரசு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை வேளையிற் சூடான பாலும் பிஸ்கட்டும் வழங்கத் தொடங்கியது. விடியற்காலையில் தந்தை கடலுக்குச் சென்றிருப்பார். தாய் மீன் கூடையுடன் சந்தைக்குச் சென்றிருப்பார். பிள்ளை ஒன்றும் உண்ணாமற் பள்ளிக்கு வந்திருக்கும். அத்தகைய பிள்ளைகளின் கையில் ஒரு குவளைப் பால் வந்தபோது வகுப்பறையின் முகமே மாறியதை நான் கண்ணாரக் கண்டேன்.

ஒரு நாள் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், குவளையைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டான்: "சார், எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்று பாடத்தில் சொன்னீர்கள். பாலில் வெண்ணெய் இருக்கிறது என்றும் சொன்னீர்கள். அந்த வெண்ணெய் ஏன் மிதக்கவில்லை?" நான், "கடைந்தால் வந்துவிடும், குடி" என்று கூறி அவனை அனுப்பிவிட்டேன். வெண்ணெய் எப்படி வரும் என்பதை நான் கூறினேன். அவன் கேட்டதோ, அதுவரை அது ஏன் வராமல் இருக்கிறது என்பது. கேள்வி ஒன்று, விடை வேறொன்று. மாணவன் அவ்வாறு எழுதியிருந்தால் நான் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன். அந்தக் கடனை இன்று உங்கள் முன்னிலையில் தீர்க்க விரும்புகிறேன். அந்தச் சிறுவனின் கேள்விக்குள்தான், ஊட்டச்சத்துகளை உடலுக்குள் கொண்டுசெல்லும் புதிய உணவு விஞ்ஞானமும், உணவையே அச்சிடும் இக்காலப் பொறிகளும் அடங்கியிருக்கின்றன.

வீட்டிற் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையிலிருந்து தொடங்குவோம். மூடியுள்ள ஒரு கண்ணாடிப் புட்டியில் அரைப் பங்கு தண்ணீரும், அதன் மேல் இரண்டு கரண்டி நல்லெண்ணெயும் ஊற்றுங்கள். நன்றாகக் குலுக்குங்கள். எண்ணெய் சிறு சிறு துளிகளாக உடைந்து நீர் முழுவதும் பரவும்; கலந்துவிட்டது போலத் தோன்றும். புட்டியை மேசை மேல் வைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். துளிகள் ஒன்றையொன்று தழுவிப் பெரிதாகி, மேலே ஏறி, மீண்டும் தனி எண்ணெயாக நின்றுவிடும். இனி அதே புட்டியில் ஒரு முட்டையின் மஞ்சட் கருவை விட்டு மறுபடியும் குலுக்குங்கள். இம்முறை எண்ணெய் எளிதிற் பிரியாது. வெண்மையும் மஞ்சளும் கலந்த கெட்டியான ஒரு நீர்மம் கிடைக்கும். இதனையே விஞ்ஞானிகள் பால்மம் என்கின்றனர். பாலைப் போன்றது என்பது அச்சொல்லின் பொருள். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் 'எமல்ஷன்' என்னும் சொல்லும், பால் கறத்தலைக் குறிக்கும் இலத்தீன் வேர்ச்சொல்லிலிருந்தே பிறந்தது. வெவ்வேறு நாட்டினர் ஒரே பொருளைப் பார்த்து ஒரே உவமையை நினைத்திருக்கின்றனர்.

முட்டைக் கருவில் இருந்து எண்ணெயைப் பிரியாமற் காத்தது எது? கொழுப்பு வகையைச் சேர்ந்த லெசித்தின் என்னும் பொருளும், அதனினும் முக்கியமாகப் புரதமும் ஆகும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகள் கோத்த நீண்ட மாலை. அம்மணிகளிற் சில நீரை விரும்புவன. சில நீரை வெறுத்து எண்ணெயை நாடுவன. நீரில் இருக்கும்போது புரத மாலை, எண்ணெயை நாடும் மணிகளைப் பெரும்பாலும் உள்ளே மறைத்துச் சுருண்டு கிடக்கும். ஓர் எண்ணெய்த் துளியின் ஓரத்தை அடைந்ததும் அது சற்றே விரிந்துகொடுக்கும். எண்ணெயை நாடும் பகுதிகள் துளியின் பக்கமாகவும், நீரை நாடும் பகுதிகள் வெளிப்பக்கமாகவும் திரும்பிக்கொள்ளும். இவ்வாறு துளியைச் சுற்றி மெல்லிய போர்வை ஒன்று அமைந்துவிடுகிறது.

புதுச்சேரி மண்ணில் வளர்ந்த எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் துபாஷிகளின் நினைவு வரும். துபாஷி என்றால் இருமொழி அறிந்தவர். கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரையிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு நம் வரலாற்றுச் செல்வம். பிரெஞ்சுக்காரருக்குத் தமிழ் தெரியாது. நம் வணிகருக்குப் பிரெஞ்சு தெரியாது. இருவர் மொழியும் அறிந்த ஒருவர் நடுவில் நின்றமையால் காரியம் நடந்தது. எண்ணெய்க்கும் நீருக்கும் நடுவே நிற்கும் துபாஷி புரதமே.

இதில் அளவுக் கணக்கு ஒன்று இருக்கிறது. கணக்குப் பயிலும் மாணவர் போட்டுப் பார்க்கலாம். 1 மில்லி லிட்டர் எண்ணெயை ஒரே உருண்டைத் துளியாக வைத்தால், அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 5 சதுர சென்டிமீட்டர். அதனையே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளிகளாக உடைத்தால், மொத்த மேற்பரப்பு 6 சதுர மீட்டராகும்; அதாவது ஒரு சிறிய அறையின் தரையளவு! பரப்பு 12,000 மடங்கு பெருகிவிடுகிறது. இவ்வளவு பரப்பையும் போர்த்தப் புரதம் எவ்வளவு வேண்டும்? ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 முதல் 3 மில்லிகிராம் போதும். எனவே அந்த 6 சதுர மீட்டருக்கு அதிகமாகப் போனால் 18 மில்லிகிராம். ஒரு குவளையில் 100 மில்லி லிட்டர் பால் இருந்தால், அதிலுள்ள புரதம் ஏறத்தாழ 3 கிராம். இயற்கை எவ்வளவு தாராளமாகத் துபாஷிகளை நியமித்திருக்கிறது, பாருங்கள்!

இப்போது அந்தச் சிறுவனுக்கு விடை கூறலாம். பாலில் வெண்ணெய், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கே விட்டமுள்ள நுண்துளிகளாகச் சிதறியிருக்கிறது. ஒவ்வொரு துளிக்கும் புரதமும் லெசித்தின் போன்ற பொருள்களும் சேர்ந்த உறை உண்டு. அந்த உறைகள் ஒரே வகை மின்னூட்டம் உடையன. ஆதலின் துளிகள் நெருங்கும்போது ஒன்றையொன்று விலக்குகின்றன. மேலும், துளி சிறியதாக ஆக அது மேலேறும் வேகம் மிக விரைவாகக் குறையும். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகும் என்பது, ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1851இல் வெளியிட்ட விதியிலிருந்து பெறப்படும் முடிவு. எனவே வெண்ணெய் மிதக்கவே இல்லை என்று கூறுவது முழு உண்மையன்று. கறந்த பாலை அசைக்காமல் சில மணி நேரம் வைத்தால், கொழுப்பு மிகுந்த பகுதி மேலே சேரத்தான் செய்கிறது. அது மிதக்கிறது; ஆனால் மிக மெதுவாக மிதக்கிறது. நாம் மத்தால் கடையும்போது உறைகள் கிழிகின்றன. காவல் இழந்த துளிகள் ஒன்றுசேர்ந்து வெண்ணெயாகத் திரள்கின்றன.

பாலின் துளிகளை மேலும் சிறிதாக்கினால் அவை மேலேறாமலே நின்றுவிடும் அல்லவா? ஒகுஸ்த் கோலேன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1899இல் இதற்கொரு பொறியைப் பதிவுசெய்தார். மறு ஆண்டு பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. மிகுந்த அழுத்தத்திற் பாலை ஒரு குறுகிய இடுக்கின் வழியே செலுத்தினார். துளிகள் நொறுங்கின, பரப்புப் பெருகியது. பழைய உறை அவ்வளவு பரப்பை மூடப் போதவில்லை. உடனே பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் விரைந்து சென்று வெற்றிடங்களை மூடிக்கொண்டது. இன்று பாக்கெட்டுகளில் வரும் பால் பலவற்றில் ஏடு தனியே பிரியாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இதனால் உடலுக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். வைட்டமின் ஏ, டி, இ, கே என்னும் நான்கும் கொழுப்பிற் கரைவன, நீரிற் கரையாதன. நம் உடலுக்குள்ளோ எங்கும் நீர்மயம். ஆதலின் இந்நான்கும் உடலுக்குள் நுழைய ஒரு வாகனம் வேண்டும். முருங்கைக்கீரையில் வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய கரோட்டின் நிறைய உண்டு. ஆனால் எண்ணெய்ப் பசையே இன்றி வேகவைத்து உண்டால் அதிற் பெரும்பகுதி உடலிற் சேராமலே வெளியேறிவிடும். சிறிது எண்ணெயும் தேங்காயும் சேர்த்து வதக்கும் நம் வழக்கம் சுவைக்காக மட்டும் ஏற்பட்டதன்று என்று இன்று அறிகிறோம். உண்ட எண்ணெயைச் சிறுகுடலிற் பித்தநீர் நுண்துளிகளாக்கி வைக்கிறது. செரிமான நீர்கள் அதனைச் சிதைக்கின்றன. அதில் ஏறி வந்த வைட்டமின்கள் குடற்சுவரைக் கடக்கின்றன. உணவிலேயே எண்ணெய் நுண்துளிகளாக இருந்துவிட்டால் அவ்வேலை எளிதாகிறது.

வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். முற்றினால் பார்வையே போகும். இதனைத் தடுக்க இந்திய அரசு 1970 முதல் சிறு குழந்தைகளுக்கு எண்ணெயிற் கரைத்த வைட்டமின் ஏ மருந்தை வாய்வழியே வழங்கிவந்திருக்கிறது. இன்று பாலிலும் சமையல் எண்ணெயிலும் ஏ, டி இரண்டையும் சேர்க்க முறை வகுக்கப்பட்டிருக்கிறது. அவ்வாறு செறிவூட்டிய உணவின் உறையில் கூட்டற்குறியுடன் கூடிய ஓர் அடையாளத்தைக் காணலாம். மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமினும் நீரிற் கரையாத இனத்தது. இளஞ்சூடான பாலில் மஞ்சட்பொடியை இட்டுக் குடிக்கும் நம் பாட்டிமார், கரையாத ஒன்றைக் கரைந்தாற்போல் ஏந்தும் ஊர்தியைத் தேர்ந்தெடுத்தனர். குர்க்குமின் பாலின் கொழுப்பிலும் கரைகிறது, கேசீனோடும் ஒட்டிக்கொள்கிறது.

பால் எல்லார்க்கும் கிடைக்கும் பொருளாயின் இத்துடன் முடித்துவிடலாம். கிடைக்கவில்லை என்பதே நம் நாட்டின் பழைய துயரம். புதுச்சேரியிற் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கும் முறையைப் பிரெஞ்சு ஆட்சியினர் 1930இல் தொடங்கினர். தமிழகத்திற் காமராசர் 1956இல் மதிய உணவைப் பரவலாக்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தந்தார். வயிறு நிரம்ப வழி பிறந்தது. ஆயினும் புரதத்திற்கு எங்கே போவது என்னும் கேள்வி விஞ்ஞானிகளை வருத்திக்கொண்டே இருந்தது.

1950இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன். எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் நிலக்கடலைப் பிண்ணாக்கு மாட்டுக்கும் வயலுக்கும் போவதை அங்கிருந்த விஞ்ஞானிகள் கண்டனர். அதிற் பாதியளவு புரதம்! உண்ணத்தகும் முறையிற் செய்த கடலை மாவு 75 பங்கும், கொண்டைக்கடலை மாவு 25 பங்கும் சேர்த்து, வைட்டமின்களும் சுண்ணச்சத்தும் கூட்டிப் பல்நோக்கு உணவு என்னும் மாவை உண்டாக்கினர். பின்னர், கடலையிலிருந்து பிரித்த புரதத்தைப் பாலுடன் கலந்து, குறைந்த பாலைப் பல குழந்தைகளுக்குப் பகிரும் வழியையும் அந்நிலையம் கண்டது. 'மில்டோன்' என்னும் பெயரில் 1970களில் பெங்களூரில் அது வழங்கப்பட்டது. பசுவின் பாலுக்கு நிலக்கடலையின் துபாஷியும் துணைநின்றார் என்று கூறலாம். இன்று சோயா, பட்டாணி, பயறு ஆகியவற்றின் புரதங்களைக் கொண்டு உலகெங்கும் செய்யப்படும் ஆய்வுகளுக்கு அந்த முயற்சி மூத்த உறவினன்.

பால்மம் செய்வது எளிது. அதனைக் காப்பது அரிது. தேங்காய்ப் பாலைக் கொதிக்கவிட்டால் அது திரிந்துபோவதை உங்கள் வீட்டிற் கண்டிருப்பீர்கள். தேங்காய்ப் பாலும் ஒரு பால்மமே. அதன் துளிகளையும் புரதமே காக்கிறது. மிகுந்த வெப்பத்தில் அப்புரதம் தன் வடிவை இழந்து, பக்கத்துத் துளியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிடுகின்றனர். புளிப்பும் அத்தகைய பகையே. எலுமிச்சைச் சாறு பட்டால் பால் திரிவது, கேசீன் தன் மின்னூட்டத்தை இழந்து ஒன்றோடொன்று சேர்வதால் ஆகும். நம் இரைப்பையிலும் புளிப்பு உண்டு. அங்கே புரதத்தை அறுக்கும் பெப்சின் என்னும் செரிமானப் பொருளும் உண்டு. ஆகவே இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடல்வரை வைட்டமினைக் கொண்டுசெல்ல விரும்பும் விஞ்ஞானி, புரதப் போர்வைக்கு மேல் இன்னொரு போர்வையும் போர்த்துகிறார். பழங்களிலிருந்து எடுக்கும் பெக்டினோ, மரப் பிசினோ அதற்கு உதவுகின்றது. புரதத்தை நுண்ணிய மணிகளாகவே செய்து துளியைச் சுற்றி அடுக்குவதும் ஒரு முறை. நுண்மணிகள் துளியைக் காக்கும் இவ்விதத்தை ராம்ஸ்டன் 1903இலும் பிக்கரிங் 1907இலும் எடுத்துக்காட்டினர். பின்னவர் பெயரே அதற்கு நிலைத்தது.

இனி, உணவை அச்சிடுதல் என்னும் புதுமைக்கு வருவோம். அச்சு என்றதும் தாளும் மையும் நினைவுக்கு வரும். தமிழர் வீட்டிலோ அச்சு என்றால் முறுக்கும் இடியாப்பமும் முதலில் நினைவுக்கு வருவன. இடியாப்ப மாவின் இயல்பை எண்ணிப் பாருங்கள். அழுத்தும்போது துளை வழியே இறங்க வேண்டும். இறங்கியபின் பரவாமல் இழையாகவே நிற்க வேண்டும். தண்ணீர் கூடினால் இழை நிற்காது. குறைந்தால் பிழிய முடியாது. உணவு அச்சுப்பொறியும் இதே தத்துவத்தில் இயங்குவது. பிழியும் கைக்குப் பதிலாக ஒரு மோட்டார். சுழற்றும் கைக்குப் பதிலாகக் கணிப்பொறியின் கட்டளை. ஊசி போன்ற முனையிலிருந்து இழை இறங்கி, வரைந்த படத்தின்படி அடுக்கடுக்காகப் படிந்து, உருவமாகிறது.

புரதப் பால்மம் இவ்வேலைக்கு ஏற்ற மையாவதற்குக் காரணம் உண்டு. ஒரே அளவான உருண்டைகளை ஒரு பெட்டியில் எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் அவை 74 விழுக்காடு இடத்தையே நிரப்பும். பால்மத்தில் எண்ணெய்த் துளிகள் அந்த எல்லையை நெருங்கினால், அவை நகர இடமின்றி ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். அப்பொழுது நீர்போல் ஓடும் இரண்டு பொருள்கள் சேர்ந்தே வெண்ணெய்போல் நிற்கும் ஒரு குழம்பாகிவிடும். பிரெஞ்சுக்காரர் முட்டைக் கருவில் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு அடித்துச் செய்யும் மயோனேஸ் அப்படிப்பட்டது. அழுத்தினால் அது நெகிழும். விட்டால் மீண்டும் நிற்கும். அன்றியும், எண்ணெயைக் குறைத்து, புரதத்தைச் சூட்டினாலோ இலேசான புளிப்பினாலோ உறையச் செய்து, கூழ் போன்ற பால்மத்தை ஆக்குவதும் உண்டு. எண்ணெயில் வைட்டமினும், நீர்ப்பகுதியிற் புரதமும் தாது உப்புகளும் வைத்து, இன்னாருக்கு இவ்வளவு என்று அளந்து பிழியலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

இவ்வேலை நம் தஞ்சையிலும் நடந்திருக்கிறது. மைசூர் நிலையத்தை வளர்த்த டாக்டர் சுப்பிரமணியனே 1967இல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையம் தொடங்கக் காரணமானவர். அது பின்னர் தஞ்சாவூரில் வளர்ந்து, பல பெயர்களைப் பெற்று, 2021இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த கல்வி நிறுவனமாயிற்று. மழையில் நனைந்த நெல்லைக் காக்கப் பிறந்த நிலையம், டாக்டர் சி. அனந்தராமகிருஷ்ணன் இயக்குநராக இருந்த காலத்தில் உணவு அச்சுப்பொறியைத் தானே வடித்தது. சிறுதானியமும் பயறும் கலந்த தின்பண்டத்தை அச்சிட்டது. முட்டையின் மஞ்சட் கருவையும் வெண்கருவையும் அச்சிட்ட ஆய்வு 2020இல் வெளிவந்தது. மஞ்சட் கரு இயற்கை தந்த பால்மம். எனினும் அது தனித்து நிற்கும் வலிமை உடையதன்று. அரிசி மாவைச் சேர்த்ததும் இழை நின்றது. இடியாப்பம் பிழிந்த கைகளுக்கு இதில் வியப்பு இராது. உண்ட உணவு வயிற்றில் என்ன ஆகிறது என்று காண, மனித இரைப்பையைப் போல இயங்கும் ஒரு கருவியையும் அந்நிலையத்தார் அமைத்தனர். பாராட்டத்தக்கது இது. உணவில் எவ்வளவு சத்தை இட்டோம் என்பதோடு நில்லாமல், எவ்வளவு சென்று சேர்ந்தது என்றும் கேட்பதே உண்மையான ஊட்டவியல்.

இவ்வளவும் யாருக்காக? பணம் படைத்தோர் விருந்தில் மலர்வடிவச் சாக்லேட்டை அச்சிடுவதற்காக மட்டும் என்றால், வானொலியில் உங்கள் நேரத்தை நான் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

என் தாயார் தம் இறுதி ஆண்டில் பக்கவாதத்தால் விழுங்கும் ஆற்றலை இழந்தார். தண்ணீர் கொடுத்தாலே புரையேறும். நீர்மம் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்தார். அதனால் சோறு, பருப்பு, கீரை, மீன் எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துக் கரண்டியால் ஊட்டினோம். மூன்று வேளையும் அதே சாம்பல் நிறக் கூழ். ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு, "என்னப்பா இது? சோறா, மீனா?" என்று குழறிக் கேட்டார். அறுபது ஆண்டுகள் மீன் குழம்பு வைத்த கைக்குச் சொந்தக்காரர், தம் வாயில் இருப்பது என்னவென்று அறியாமற் கேட்டார். சத்துக்கு அந்தக் கூழில் அதிகக் குறைவில்லை. ஆனால் அவர் அதை உண்ணவில்லை. நாளுக்கு நாள் மெலிந்தார்.

அவரைப் போன்றோர்க்கு உணவு எவ்வளவு மெதுவாக, எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாக இன்று உலக அளவில் வகுத்திருக்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2012இல், விழுங்க இயலாத முதியோர்க்காக அச்சிட்ட மென்னுணவு ஆக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சிங்கப்பூரில் 2021இல், பல்கலைக்கழக ஆய்வாளரும் ஒரு மருத்துவமனையினரும் சேர்ந்து பட்டாணி, காரட், கீரை ஆகியவற்றை மென்மையாக அரைத்து, அவற்றின் இயற்கை நிறமும் சுவையும் கெடாமல் அச்சிட்டுக் காட்டினர். மீன் மீன் வடிவில், மீன் சுவையோடு, நாவால் அழுத்தினாலே கரையும் மென்மையோடு தட்டில் வருமானால், என் தாயார் வாயைத் திறந்திருப்பார் என்று நான் எண்ணுகிறேன்.

ஆயினும் புதுமை என்றாலே போற்றிவிடுதல் கற்றோர்க்கு அழகன்று. அச்சுப்பொறி மெதுவாக இயங்குவது. ஆயிரம் பிள்ளைகளுக்குக் காலை உணவு தருவதற்கு அது கருவியாகாது. அவர்களுக்கு இட்லியும் பாலும் முட்டையுமே இன்றும் சிறந்தவை. சிலர்க்குப் பால், முட்டை, நிலக்கடலை, சோயா ஆகியவற்றின் புரதம் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆதலால் எந்தப் புரதம் கலந்தது என்பதை உறையில் தெளிவாக எழுதியாக வேண்டும். எண்ணெய் மிகுந்த பால்மம் உடற்பருமனுக்கும் வழியாகலாம். குழாய்களும் ஊசிமுனையும் தூய்மையாக இல்லாவிட்டால், ஈரமும் புரதமும் சேர்ந்த அவ்விடம் கிருமிகளுக்கு விருந்து மண்டபம்.

எனவே, மாணவர்களே, புதிய உணவு எதைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதில் உள்ள சத்து என்ன? அந்தச் சத்து உடலுக்குள் சென்று சேர்கிறது என்பதற்குச் சோதனை உண்டா? தேவைப்படுவோர் கைக்கு எட்டும் விலையில் அது இருக்கிறதா? மூன்றுக்கும் விடை கிடைக்குமாயின் அதனை வரவேற்போம். ஒன்றுக்கேனும் விடை இல்லையாயின், அந்த விடையைத் தேடுவது உங்கள் தலைமுறையின் பணி. வேதியியல் பயில்வோர்க்கும், பொறியியல் பயில்வோர்க்கும், மருத்துவம் பயில்வோர்க்கும் இத்துறையில் இடம் உண்டு. நம் பயறுகளும் சிறுதானியங்களும் தரும் புரதங்களில் எது நல்ல துபாஷி, எந்தப் புளிப்பில் அது தளரும், எந்தச் சூட்டில் அது திரியும் என்பவற்றில் நாம் அறிய வேண்டியவை இன்னும் பல.

இன்று மாலை அந்தப் புட்டிச் சோதனையைச் செய்து பாருங்கள். முதலில் எண்ணெயும் நீரும். பிறகு ஒரு கரண்டி மஞ்சட் கரு. முட்டை வேண்டாதார், ஊறவைத்து அரைத்து வடித்த நிலக்கடலைப் பாலைக் கொண்டு செய்யலாம். எது எவ்வளவு நேரம் பிரியாமல் நின்றது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள். உங்கள் தம்பியோ தங்கையோ பக்கத்தில் நின்று, "ஏன் மிதக்கவில்லை?" என்று கேட்டால், "கடைந்தால் வந்துவிடும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.